விறகுக்குப் போன பிள்ளைகள்

நவம்பர் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். மியூஸ் ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி, பெல்ஜியத்து ஊயி நகரத்தின் கோட்டையை விழுங்கிவிட்டுப் பாலத்தையும் பாதி விழுங்கியிருந்தது. சொலான்ஜ் கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டு தோஸியின் கடைக்குள் நுழைந்தாள். பார்சல் வாங்கத்தான். வாரத்துக்கு இரண்டு முறையாவது அவள் இப்படி வருவது வழக்கம்.

தோஸியின் கடையில் இல்லாதது கிடையாது. பனையெண்ணெய், மரவள்ளி மாவு, கருவாடு, சவுரிமுடி எல்லாம் ஒரு பக்கம். கூரியர்காரர்கள் இறக்கிவிட்டுப் போகிற பெட்டிகள் இன்னொரு பக்கம். தோஸி பெனின் நாட்டுக்காரி. இந்த ஊருக்கு வந்து இருபது வருஷமாகிறது. கிட்டத்தட்ட ஒத்த வயதுதான் என்றாலும் சொலான்ஜை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"வா அக்கா. உன் குப்பை வந்திருக்கு, எடுத்துட்டுப் போ."

"குப்பைதான் எனக்குச் சோறு போடுது."

"யாருக்கு இல்லேன்னா? எங்க ஊர்லேர்ந்து வெள்ளைக்காரன் தூக்கிட்டு வந்தான், அவன் பேரன் வித்தான், நீ வாங்கிட்ட. நான் மூட்டை தூக்கறேன். நல்ல பொழப்பு!"

தோஸி சொன்னதில் பிசகில்லை. சொலான்ஜின் தொழிலே அதுதான். கிராமத்துப் பக்கம் யாராவது கிழவர் கண்ணை மூடினால், வீட்டைக் காலி செய்ய வாரிசுகள் சின்னச் சின்ன ஏலக்காரர்களைக் கூப்பிடுவார்கள். ஏலக்காரருக்குக் கடிகாரம் தெரியும், பீங்கான் தெரியும். கிழவரின் அப்பா ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவற்றை "மரச்சாமான், பலவகை" என்று எழுதி இணையத்தில் ஏற்றிவிடுவார். சொலான்ஜ் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் பட்டியல்களை மேய்வாள். சமையல் பாத்திரங்களோடு "அகப்பை" என்று கிடந்த ஒன்றை அவள் வாங்கி விற்று, அது கடைசியில் ஒரு அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறது.

இந்தத் தடவை சிக்கியது "பழைய பொம்மைகள், ஒரு பெட்டி, சேதமுள்ளவை." மங்கலான புகைப்படம். பிளாஸ்டிக் பொம்மை ஒன்றின் காலிடுக்கில் கறுத்த மரத்தோள் ஒன்று அரை விரல் அளவுக்குத் தெரிந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. வேறு யாரும் கேட்கவில்லை. அடிமாட்டு விலைக்கு முடிந்தது.

பெட்டியின் ஒரு மூலை வழியில் கிழிந்திருந்தது. எடுத்துக் கொடுக்கும்போது தோஸி அதன் வழியே உள்ளே பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு காணாமல் போயிற்று.

"இதுங்களுக்குக் கடைசியா யாரு சாப்பாடு போட்டாங்க?"

"பொம்மைக்கா?"

"பொம்மைன்னு நீ சொல்லிக்கோ. எங்கம்மாவுக்கு முதல்ல ரெட்டைப் பசங்க. அவங்களுக்கு அடுத்துப் பொறந்ததாலதான் எனக்குத் தோஸின்னு பேரு. அண்ணனுங்க ரெண்டு பேரும் எங்க வீட்டுல இப்படி மரமாத்தான் இருந்தாங்க. எனக்கு ஒரு வாய் ஊட்டினா அவங்களுக்கு ஒரு வாய். எனக்குப் புதுத்துணின்னா அவங்களுக்கும்."

"தெரியும் தோஸி, படிச்சிருக்கேன்."

"படிச்சிருப்ப. பசியோட இருக்கற பிள்ளை மூஞ்சியப் பாத்திருக்கியா?" தோஸி குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டையும் கட்டியிருக்கற நூலைப் பிரிக்காத. அப்புறம், செத்துப்போனாங்கங்கற வார்த்தைய இதுங்க காதுல போட்டுடாத. காட்டுக்கு விறகு பொறுக்கப் போயிருக்காங்கன்னுதான் சொல்லணும். விறகுக்குப் போனவங்க வீட்டுக்குத் திரும்பி வருவாங்க இல்ல? அதுக்குத்தான்."

பயற்றுமாவில் சுட்ட இரண்டு வடைகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"அவங்களுக்கு. உனக்கில்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஓதில் எப்படி இருக்கா?" என்றாள்.

"நல்லா இருக்கா" என்றாள் சொலான்ஜ். அதோடு பேச்சு நின்றது. வண்டியில் போகும்போது பசித்தது. இரண்டு வடைகளையும் அவளே தின்றுவிட்டாள்.

அந்தப் பேச்சு ஏன் நின்றது என்பது அந்தத் தெரு முழுவதுக்கும் தெரியும். சொலான்ஜின் மகள் ஓதிலும் இரட்டைப் பிள்ளைதான். கூடப் பிறந்தவன் பஸ்தியான். இரண்டு வருஷத்துக்கு முன், ஐந்து வயதில், மூளைக்காய்ச்சல் அவனை மூன்றே நாளில் கொண்டுபோயிற்று. மணிக்கட்டில் கட்டியிருந்த மருத்துவமனைப் பட்டையை வெட்ட நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தபோது, சொலான்ஜ் "அதைத் தொடாதீங்க" என்று சொன்னாள். பட்டையோடுதான் அவனைப் பெட்டியில் வைத்து மூடினார்கள். அதன்பிறகு அவன் கட்டில், துணி, சைக்கிள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தானம் கொடுத்தாள். அந்தப் பெயர் அந்த வீட்டில் புழங்கவில்லை. எல்லோரும் கல்லறைக்குச் செவ்வந்தி எடுத்துப் போகிற நவம்பர் முதல் தேதியன்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு பட்டியல் மேய்ந்தாள். புருஷன் பேசிப் பார்த்தான், அழுது பார்த்தான், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை விளக்கடியில் பெட்டியைக் காலி செய்தாள். பிளாஸ்டிக் பொம்மைகள் நாலு. அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குப்பைக்காக ஒதுக்கினாள். அடியில் இருந்தது அந்த ஜோடி. சாண் உயரத்துக்கு இரண்டு பையன்கள், இடுப்பில் நைந்த நீலத்துணி, இருவரையும் சேர்த்துச் சுற்றிய சிவப்பு நூல்.

ஒருவனுக்கு முகமே இல்லை. மூக்கு, கண், வாய் எல்லாம் தேய்ந்து கூழாங்கல்லாக வழவழத்தது. மற்றவனுக்கு மூக்கு நுனி மட்டும் மழுங்கியிருந்தது.

ஏழு வயது ஓதில் பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, இவனுக்கு மூஞ்சி எங்க?"

"அவங்கம்மா தினமும் குளிப்பாட்டிக் குளிப்பாட்டித் தேஞ்சு போச்சு."

"அவங்கம்மாவுக்கு இவனை அவ்ளோ பிடிக்குமா?"

"இப்படித் தேஞ்சிருந்தாதான்டி விலை."

சொல்லி முடித்ததும் அந்த வார்த்தை அவள் காதிலேயே உறைத்தது. ஆனால் கை நிற்கவில்லை. ஜோடியாக விற்றால் மானிடவியல் ஆசாமிகள்தான் வாங்குவார்கள். முகமற்ற ஒற்றைச் சிலையைக் கறுப்புப் பீடத்தில் நிறுத்தினால் பணக்கார வீட்டு வரவேற்பறைக்குப் போகும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். நகம் வெட்டும் கத்தரியை எடுத்து நூலை வெட்டினாள்.

பிறகு வழக்கம்போல் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விவரக் குறிப்பைத் தட்டினாள். "முதலாமவன் முதலில் இறந்திருக்கிறான். தாய் அவனை வருஷக்கணக்கில் குளிப்பாட்டியிருக்கிறாள். உயிரோடிருந்த மற்றவனும் சில வருஷங்களில் அவனைத் தொடர்ந்து இறந்துவிட்டான் என்பதை இரண்டாவது சிலையின் குறைந்த தேய்மானம் காட்டுகிறது."

அடுப்பில் கொழுந்துவிட்டு எரிந்த விறகு அணைந்துபோயிற்று.

அணைந்த புகையில் ஈரச் செம்மண் வாடை அடித்தது. விறகு பச்சையாக இருக்கும் என்று நினைத்து அவள் வேறு கட்டை வைத்தாள்.

சனிக்கிழமை பிரஸ்ஸல்ஸிலிருந்து கிஸ்லான் வந்தான். பெரிய கடை வைத்திருக்கும் வியாபாரி. கழுகுக்கு மூக்கில் வேர்ப்பதுபோல் அவனுக்கு இதெல்லாம் எப்படியோ தெரிந்துவிடும். முகமில்லாதவனைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவேயில்லை.

"இது மட்டும் போதும். அந்த மூக்கு வச்சவன் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றான். குறிப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் கார் மூடுபனிக்குள் மறையும்வரை ஓதில் ஜன்னலில் நின்று பார்த்தாள்.

"இவன் அழறான்மா" என்றாள்.

மேசையில் தனியாகக் கிடந்தவனைச் சொலான்ஜ் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பால் எடுக்கக் கதவைத் திறந்தபோது, வாசற்படியில் ஒரு சின்ன விறகுக்கட்டு இருந்தது.

சுள்ளிகள்தான். விரல் தடிமன். கோரைப்புல்லால் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன்களின் விளையாட்டு என்று எடுத்து ஓரமாகப் போட்டாள். கையில் மண் ஒட்டியது. ஊயியில் மண் கறுப்பு. இது சிவப்பாக இருந்தது.

திங்கட்கிழமை இன்னொரு கட்டு. முந்தியதைவிடப் பெரியது.

அன்றைக்கு ஓதில் ரொட்டியில் பேரிக்காய்ப் பாகு தடவி, பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தட்டில் வைத்தாள். சூப்பிலும் பாதி. ஆப்பிளிலும் பாதி.

"முழுசாச் சாப்பிடு கண்ணு."

"இது அவனுக்கு."

படுக்கையிலும் ஒரு பக்கமாக ஒதுங்கிப் படுத்திருந்தாள். அலமாரியில் வைத்துப் பூட்டியவன் அவள் தலையணையில் இருந்தான். சாவி சொலான்ஜின் சட்டைப்பையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. டாக்டர் குளிர்காலக் காய்ச்சல் என்று மருந்து எழுதினார். சொலான்ஜ் குழந்தையின் கழுத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் இன்னொரு கழுத்தை இப்படித்தான் தொட்டுப் பார்த்தாள். அவள் எழுதிய வரி அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. உயிரோடிருந்த மற்றவனும் சில வருஷங்களில்.

மருந்துப் புட்டியை எடுத்து, அடுத்த வேளை எத்தனை மணிக்கு என்று பார்த்தாள்.

புதன்கிழமை மாலை நாலு மணிக்கு மருந்து எடுத்துக்கொண்டு மாடியேறினாள். படுக்கை காலி. பின்கதவு திறந்து கிடந்தது.

தோட்டத்துக் கோடியில், மலைக்காட்டுக்கு ஏறும் பாதையின் படலைப் பிடித்துக்கொண்டு ஓதில் நின்றிருந்தாள். இரவு உடைக்கு மேல் கோட்டு. கையில் அந்த மரப்பையன். முகம் நெருப்பாகச் சிவந்திருந்தது.

"எங்கடி போற?"

"விறகுக்கு."

"யாரோட?"

"இவனோட. இவன்கூட இருந்தவனை அந்த மாமா எடுத்துட்டுப் போயிட்டார் இல்ல? தனியாத் தூக்க முடியலையாம். என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்றான்."

காட்டுக்குள் எங்கோ சுள்ளி ஒடிந்தது.

இன்னொன்று.

சொலான்ஜ் படலைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "யாரு... யாருடி அங்க? நம்ம..."

"சுள்ளி ஒடிக்கறது பஸ்தியான் இல்லம்மா." இரண்டு வருஷத்தில் அந்தப் பெயரை முதல்முறையாக அந்தக் குழந்தைதான் சொன்னாள், மிகச் சாதாரணமாக. "பஸ்தியான் அதோ, மரத்துக்குப் பின்னால நிக்கிறான். நீதான் அவனைக் கூப்பிடவே மாட்டேங்கறியே. அதனால வாசல் பக்கம் வரமாட்டானாம்."

மூடுபனியில் மரங்கள்தான் தெரிந்தன. ஆனால் ஈரச் செம்மண் வாடைக்குள் இன்னொரு வாடையும் மெல்ல வந்தது. மருத்துவமனை வராந்தாக்களில் தெளிக்கும் மருந்தின் வாடை.

குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு ஓடி வந்து கதவைத் தாழிட்டாள். முதலில் கிஸ்லானைத்தான் போனில் கூப்பிட்டாள்.

"அந்தப் பையனைத் திருப்பிக் குடுத்துடு. நீ குடுத்ததுக்கு ரெண்டு பங்கு தரேன்."

"நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா சொலான்ஜ்? இணைய ஏலத்துல ஏத்தியாச்சு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முடியுது. உன் குறிப்பைத்தான் அப்படியே போட்டேன். ஒருத்தன் போனான், பின்னாலயே மத்தவனும் போனான்னு எழுதியிருந்த பாரு, அதைப் படிச்சிட்டுப் பதினோரு பேர் நிக்கிறாங்க. வேணும்னா நீயும் கேளேன்" என்று சிரித்தான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதிய அவளுக்கு இது நன்றாகவே பொருந்தியது.

சொலான்ஜ் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்ததால், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே தோஸி கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டாள். ஓதிலின் காய்ச்சல் நாற்பது டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தது. டாக்டர் காலையில் வந்து, மாலைக்குள் இறங்காவிட்டால் மருத்துவமனைதான் என்று சொல்லிப் போயிருந்தார். எந்த மருத்துவமனை என்று சொலான்ஜ் கேட்கவில்லை. ஊரில் இருப்பது ஒன்றுதான்.

குழந்தையின் கட்டிலருகே தோஸி ஈரத்துணியோடு உட்கார்ந்தாள். சொலான்ஜ் அறைக் கதவருகே உட்கார்ந்து மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் முகமில்லாத பையன் கறுப்புப் பீடத்தில் நின்றான். நீலத்துணியை உருவிவிட்டிருந்தார்கள். கீழே அவள் எழுதிய வரிகள்.

நாலாயிரம் யூரோவிலிருந்து ஏறியது. அவள் கேட்டாள். யாரோ மேலே போனார்கள். வண்டியை விற்றுக்கொள்ளலாம் என்று கேட்டாள். சேர்த்து வைத்ததெல்லாம் போனாலும் போகட்டும் என்று கேட்டாள். நாலு மணி ஆயிற்று. யாராவது கேட்கும்போதெல்லாம் கடிகாரம் இன்னும் இரண்டு நிமிஷம் நீண்டது.

"அம்மா" என்று முனகினாள் ஓதில். "கட்டு ரொம்பக் கனமா இருக்காம். நான் போயிட்டு வந்துடறேனே."

"போகக் கூடாது!" என்று கத்திக்கொண்டே சொலான்ஜ் அழுத்தினாள்.

உங்கள் வரம்பு முடிந்துவிட்டது, மேலும் கேட்க வங்கி உறுதி தேவை என்றது திரை. மறுபடி அழுத்தினாள். அதே பதில். எண்கள் இறங்கின. பத்து. ஐந்து. ஒன்று.

விற்கப்பட்டது. ஏலதாரர் எண் 58.

அவர் யார், எந்த நாடு, எந்த வீட்டின் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பிள்ளை நிற்கப்போகிறான் என்பதெல்லாம் இனி யாருக்கும் தெரியாது. எத்தனையோ தடவை அவளும் இப்படி ஒரு எண்ணாக இருந்து எதையெதையோ வாங்கியிருக்கிறாள். மடிக்கணினியை மூடிவிட்டுச் சொலான்ஜ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பஸ்தியானுக்காகக்கூட அவள் இப்படி அழுததில்லை.

வாசலில் தொப்பென்று ஏதோ விழுந்தது.

தோஸி எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "பெரிய கட்டு. ஒரு ஆள் தூக்கற கட்டு இல்ல" என்றாள் மெதுவாக. பிறகு சொலான்ஜின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா, போனவனைத் தேடி இனி ஆகாது. ஒத்தையா நிக்கறதாலதானே இவன் உன் பொண்ணைக் கூப்பிடறான்? துணைக்கு ஒருத்தன் இருந்தா இவளை எதுக்குக் கேக்கப்போறான்? உன் பையன் வெளிய நிக்கிறான்னு குழந்தையே சொல்லிச்சு இல்ல? அவனை உள்ள கூப்பிடு."

"எப்படிக் கூப்பிடறது? அவனோடது ஒரு பொத்தான்கூட இங்க இல்ல. எல்லாத்தையும் நானே தூக்கிக் குடுத்துட்டேன். மரத்துல செதுக்கறதுக்கு யாரு இருக்கா?"

"மரமா?" தோஸிக்கு அந்த நேரத்திலும் கோபத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊர்ல இப்ப பாதிப் பேர் பிளாஸ்டிக் பொம்மைதான் வைக்கிறாங்க. பசிக்கற பிள்ளை உன்ன மாதிரி தேய்மானமா பாக்கப்போறான்?"

குப்பைக்காக ஒதுக்கிய பொம்மைகள் கொட்டகையில் கிடந்தன. சொலான்ஜ் மண்டியிட்டுத் தேடினாள். ஒன்று பையன் பொம்மை. ஒரு கண் மூடும், ஒரு கண் மூடாது. யாரும் பத்துக் காசு தரமாட்டார்கள். நெஞ்சோடு அணைத்து உள்ளே கொண்டுவந்தாள்.

கிண்ணத்தில் வெந்நீர் எடுத்து அதன் முகத்தைக் கழுவினாள். நெற்றி, மூக்கு, காதுக்குப் பின்புறம். கை தானாகவே அந்த வழியில் போயிற்று. ஐந்து வருஷம் தினமும் கழுவிய வழி அது. இரண்டு வருஷமாக அந்தக் கை சும்மா இருந்தது. முகமில்லாத பையனின் அம்மா எவ்வளவு நாள் இப்படிக் கழுவினால் ஒரு மூக்கு தேயும் என்று நினைத்தாள். தாங்க முடியவில்லை.

ஓதிலின் கையிலிருந்த மரப்பையனையும் கழுவினாள். வெட்டிய சிவப்பு நூலை முடிபோட்டு இருவரையும் சேர்த்துக் கட்டினாள். தோஸி கொண்டுவந்திருந்த பயற்று வடையை ஆளுக்குப் பாதி வைத்தாள்.

பிறகு வாசற்கதவைத் திறந்தாள்.

வெளியே மூடுபனி. சத்தமே இல்லை. ஆற்றில் போகிற படகுகூட இல்லை.

"பஸ்தியான்..." தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிவிட்டு வருகிறவனைக் கூப்பிடுவதுபோல் மறுபடி கூப்பிட்டாள். "பஸ்தியான்! போதும்டா விளையாடினது. குளிருது. ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா."

எதுவும் அசையவில்லை. ரொம்ப நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோஸிதான் வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

ஆறு மணிக்கு ஓதிலுக்கு வேர்த்தது. ஏழு மணிக்குக் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். ரொட்டி கொடுத்தபோது முழுசாகத் தின்றாள். மறுநாள் புனித நிக்கோலா திருநாள் என்பது நினைவுக்கு வந்து, "அம்மா, ஷூ வைக்கணுமே!" என்றாள்.

பிள்ளைகள் அடுப்பருகே ஷூவையும் புனிதர் ஏறி வரும் கழுதைக்கு ஒரு கேரட்டையும் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். காலையில் ஷூ நிறைய இனிப்பு இருக்கும். சொலான்ஜ் ஓதிலின் ஒரு ஷூவை வைத்தாள். பிறகு அதன் ஜோடியையும் எடுத்து, ஒரு முழம் தள்ளி வைத்தாள்.

"அது யாருக்கு?" ஓதிலுக்குத் தெரியும். அம்மா வாயால் கேட்க வேண்டும் அவளுக்கு.

"உங்க அண்ணனுக்கு. பஸ்தியானுக்கு. காட்டுக்கு விறகு பொறுக்கப் போயிருக்கான் இல்ல, வந்தா கேப்பான்."

குழந்தை தூங்கியபின் இரண்டு ஷூவிலும் ஒரே அளவாகச் சாக்லேட்டும் மசாலா பிஸ்கட்டும் ஒரு ஆரஞ்சும் வைத்தாள். தோஸியை வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள்.

காலையில் வெயில் வந்திருந்தது. ஓதில்தான் முதலில் கீழே ஓடினாள். "அம்மா, வந்து பாரேன்" என்ற குரல் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுப்பில் யாரும் வைக்காத விறகு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாவது ஷூ காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு சுள்ளிக்கட்டு. இந்தத் தடவை அது வாசலில் இல்லை, வீட்டுக்குள் இருந்தது. மண் சிவப்பாக இல்லை. கறுப்பு, இந்த ஊர் மண்.

அதைக் கோரைப்புல்லால் கட்டியிருக்கவில்லை. மருத்துவமனையில் கையில் மாட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருந்தது. ஈரத்தில் எழுத்து கொஞ்சம் கலைந்திருந்தது. பெயரும் பிறந்த தேதியும் படிக்க முடிந்தது.

சொலான்ஜ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வாசற்கதவின் இரண்டு தாழ்ப்பாள்களும் போட்டது போட்டபடி இருந்தன. கதவிலிருந்து அடுப்புவரை தரையில் சின்னச் சின்ன ஈரக் காலடிகள், வெறுங்கால்.

எல்லாம் உள்ளே வந்தவை. திரும்பிப் போனது ஒன்றுகூட இல்லை.